இரண்டாவது குரல்

நான்கு மாடி, தொண்ணூற்றாறு படி, லிஃப்ட் கிடையாது. இரண்டு பெட்டிகளையும் ஒரே நடையில் நானே தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்று அவள் முரண்டு பிடித்ததில், கட்டடத்துச் சாவிக்காரர் வெறுங்கையோடு பின்னால் வந்தார். மாடிப்படி விளக்கு அங்கே ஒரு நிமிஷம்தான் எரியும். பிறகு தானே அணைந்துவிடும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அது அணைந்தபோது மணி மாலை நாலரை. வெளியே கும்மிருட்டு.

"ஐம்பத்தெட்டு" என்றாள் இருட்டில், தனக்குத்தானே.

சாவிக்காரர் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தட்டினார். அவர் முகம் வெளுத்திருந்தது. வயதானவர், ஏறிய களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசல்வரை வந்தவர் உள்ளே வரவில்லை. நிலைவாசலுக்கு வெளியிலேயே நின்று கையை மட்டும் நீட்டிச் சாவியைக் கொடுத்தார்.

"தனியாவா இருக்கப் போறே?" என்றார் அவருடைய மொழியில். எட்டு மாதம் மண்டையை உடைத்துப் படித்திருந்ததால் அவளுக்குப் புரிந்தது.

"இப்போதைக்கு. ரெண்டு மாசத்துல என் பொண்ணு வந்துடுவா."

"ரெண்டு மாசமா" என்று அவர் தலையை ஆட்டியது, அது ஏதோ இருபது வருஷம் என்பது போல இருந்தது. பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். ஏறும்போது இல்லாத வேகம்.

அவளுக்கு வீட்டில் ராங்கி என்று பெயர். அம்மா வைத்த பெயர் வேறு, ஆனால் அது சான்றிதழ்களில் மட்டும்தான் புழங்கியது. கணவன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம். எட்டு வயதுப் பெண் குட்டியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, முப்பத்தெட்டு வயதில் வெளிநாட்டுக்குக் கிளம்பியவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

"மூணு மாசம் நீ அங்க தாக்குப் பிடிச்சேன்னா நான் என் பேரையே மாத்திக்கிறேன்" என்று விமான நிலையத்தில் அண்ணன் சொன்னார்.

"இப்பவே நல்ல பேரா யோசிச்சு வையிங்க" என்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பியிருந்தால் குட்டி அழுவதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

இந்த வீடு அவளுக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். மருத்துவமனை தன் ஊழியர்களுக்கென்று எடுத்து வைத்திருக்கும் வீடுகளில் ஒன்று. ஒரு அறை, ஒரு சமையலறை, கையை நீட்டினால் எதிர்ச்சுவரில் இடிக்கும் குளியலறை. ஒப்பந்தத்தில் 'வசிப்போர் இருவர் மட்டும்' என்று அச்சடித்திருந்தது. இந்த முகவரியை வைத்துத்தான் குட்டிக்கு விசா கேட்டிருந்தாள். நடுவில் வீடு மாறினால் விண்ணப்பம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும், அது முடிய ஒரு வருஷம் ஆகலாம். குட்டி வந்தபிறகு அதிகாரி ஒருவர் நேரில் வந்து, தாளில் இருக்கும் ஆட்களும் வீட்டில் இருக்கும் ஆட்களும் ஒன்றுதானா என்று பார்ப்பார். கூடுதலாக ஒரு ஆள் தங்கியிருந்தால் அனுமதி ரத்து. எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் சமையலறை இழுப்பறையைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. சூடான ஈர உலோகமும் கிருமிநாசினியும் கலந்த வாசனை. பதினொரு வருஷமாக அவள் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனைதான், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இழுப்பறைக்குள் யாரோ விட்டுப்போன கரண்டிகள் ஆறு இருந்தன. பளபளவென்று, இப்போதுதான் துடைத்து வைத்த மாதிரி.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போய்வரும் கத்தி, கத்தரி, கிடுக்கிகளைக் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து, தட்டில் அடுக்கி மூடி அனுப்பும் பிரிவில் வேலை. அதில் எல்லாமே எண்ணிக்கை. எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். முதல் ஆள் கருவியைத் தூக்கிக் காட்டி எண்ணைச் சொல்வார். இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்து அதே எண்ணைத் திருப்பிச் சொல்வார். பட்டியலில் உள்ளது வந்ததும் முதல் ஆள் "சரி, மூடு" என்பார். இரண்டு பேரும் சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். நடுவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் "நிறுத்து" என்று சொல்லலாம். தரை துடைப்பவர் சொன்னாலும் சரி, எண்ணியது அத்தனையும் செல்லாது. உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வேலையில் இதுதான் விதி.

அந்தப் பழக்கம் ராங்கிக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் துணி மடித்தாலும் வாய்விட்டு எண்ணுவாள். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும், எதிரே யாருமே இல்லாவிட்டாலும், பதிலுக்காக ஒரு கணம் நிறுத்துவாள். குட்டிக்குச் சட்டைப் பொத்தான் போடும்போதுகூட அப்படித்தான். "ஒண்ணு" என்பாள் இவள். "ஒண்ணு" என்பாள் குட்டி.

வந்த நான்காம் நாள் மாலை கரண்டிகளைக் கழுவித் துடைத்தாள்.

"ஒண்ணு" என்று சொல்லி நிறுத்தினாள். "ரெண்டு." நிறுத்தினாள். "மூணு."

"மூணு."

குரல் பின்னாலிருந்து வந்தது. வயதான பெண்ணின் குரல். தமிழை அன்றுதான் முதல்முதலாக வாயில் போட்டுப் பார்ப்பது போல அந்தச் சொல்லை உருட்டிச் சொன்னது.

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த கரண்டி மட்டும் நழுவிக் கீழே விழுந்தது. ஈர உலோக வாசனை பிடரிக்குப் பின்னால் சூடாக நின்றது, யாரோ மிக அருகில் மூச்சு விடுவது போல. மெல்லத் திரும்பினாள்.

யாரும் இல்லை.

விழுந்த கரண்டியைக் குனிந்து தேடினாள். அது இழுப்பறைக்குள், தன் இடத்தில் இருந்தது.

மறுநாள் வேலையிடத்தில் தன்னோடு ஜோடியாக எண்ணும் அக்காவிடம் சொன்னாள். அக்கா அந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பிரிவில் தமிழ் பேசும் ஒரே ஜீவன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ராங்கியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வீடு கொடுத்தாங்க? நாலாவது மாடியா? அடிப்பாவி, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா?"

"நம்ம பிரிவுல முப்பது வருஷம் இருந்த அம்மா அங்கதான் குடியிருந்தது. நான் பார்த்திருக்கேன். கையில அப்படி ஒரு சுத்தம். ஒரே ஒரு நாள், திரும்பி வந்த தட்டை எண்ணும்போது, என்ன நினைப்புல இருந்ததோ, பார்க்காமலே 'பதினெட்டு'ன்னு திருப்பிச் சொல்லிடுச்சு. இருந்தது பதினேழு. அந்த ஒரு கிடுக்கி ஒரு ஆளோட வயித்துக்குள்ள இருந்துச்சு."

"அந்த ஆளு?"

"போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்த அம்மா வேலைக்கு வரலை. வீட்லயே உக்காந்து எண்ணிட்டு இருக்கும்னு சொல்வாங்க. பதில் சொல்ல ஆள் வேணும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்குமாம். யாரும் போகலை. நானும்தான் போகலை. செத்து நாலு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சாங்க." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு முன்னாடி மூணு பேர் அங்க இருந்தாங்க. ரெண்டு பேர் ஒரே வாரத்துல ஓடிட்டாங்க. மூணாவது பொண்ணு அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சுது. அவ்வளவுதான், வேலைக்கு வர்றதையே விட்டுடுச்சு. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, கரண்டியை வெச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. வீட்டு ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. நீ எங்க வீட்டுக்கு வந்துடு. சோபா இருக்கு."

"சோபாவுக்கு முகவரி உண்டாக்கா?"

அக்கா கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் ராங்கி கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நடுவில் நின்றாள். குரல் நடுங்காமல் பேசினாள்.

"இங்க பாருங்கம்மா. நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு வந்திருக்கேன். என் பொண்ணு வரணும். நீங்க யாரா வேணா இருந்துட்டுப் போங்க, நான் போக மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள். அது ஆரம்பித்துக்கொண்டது.

"ஒண்ணு" என்று குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும். பிறகு காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்புதான் கொடுமை. ஒரு எண் காதில் விழுந்தால் திருப்பிச் சொல்லியே பழகிய நாக்கு அவளுடையது. தானாக எழும். பல்லால் கடித்துக்கொள்வாள். சில நாள் ரத்தம் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. வானொலியை அலற விட்டாள், பாட்டு பாடினாள், அண்ணனுக்குப் போன் போட்டு "பேர் யோசிச்சாச்சா?" என்று வம்புக்கு இழுத்தாள். எட்டு மாதம் அவள் திக்கித் திணறிப் படித்தது அந்த ஊர் மொழியை. இந்த அம்மாவோ மூன்றே வாரத்தில் தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டது. 'ண'வும் 'ழ'வும் சுத்தமாக விழுந்தன. அது ஒன்றுதான் ராங்கிக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

இரண்டு மாதம் எப்படியோ ஓடியது. குட்டி வந்தாள். விமான நிலையத்தில் மகளைக் கட்டிக்கொண்டபோது ராங்கி வாய்விட்டு அழுதாள், யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பெண் அரை அங்குலம் வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் வீடு மூச்சே விடவில்லை. எண் இல்லை, வாசனை இல்லை. தொலைந்தது சனியன் என்று ராங்கி நினைத்தாள். குழந்தையை எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவள் செய்த தப்பு அதுதான். பதில் சொல்லப் பழக்கிய குழந்தையிடம், பதில் சொல்லாதே என்று சொல்ல மறந்தாள்.

எட்டாம் நாள் மாலை, தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதிகாரி வரும் தேதி குறித்த கடிதம் வந்திருந்தது. அடுத்த செவ்வாய், காலை பத்து மணி. அதைப் படித்துக்கொண்டே ஏறினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் விளக்கு அணைந்தது.

இருட்டில், மேலேயிருந்து, மூடிய கதவைத் தாண்டி ஒரு குரல் கேட்டது.

"நூத்தி பன்னெண்டு."

குட்டியின் குரல்.

மீதிப் படிகளை அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சாவி கையிலிருந்து இரண்டு முறை நழுவியது.

சமையலறைத் தரையில் குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு போடவில்லை. தெரு விளக்கின் வெளிச்சம் கரண்டிகள் மேல் மட்டும் விழுந்தது. வலப்பக்கக் குவியலிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து இடப்பக்கம் வைத்தாள். வலப்பக்கம் ஆறு இருந்தது. இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

வலப்பக்கம் ஆறுதான் இருந்தது.

"நூத்தி பதிமூணு" என்றது இருட்டு.

"நூத்தி பதிமூணு" என்றாள் குட்டி.

கண் இமைக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் முகத்தில் அழுகை இல்லை.

"குட்டி! கண்ணு, அம்மாடி! என்னைப் பாரு!"

பார்க்கவில்லை. ராங்கி அவளை அள்ளித் தூக்கப் பார்த்தாள். இருபத்தைந்து கிலோ குழந்தை தரையோடு ஒட்டிப்போனது போல அசையவில்லை. கை சில்லிட்டிருந்தது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"நூத்தி பதினாலு."

"நூத்தி பதினாலு."

பின்னால் கதவு திறந்திருந்தது. ஓடினால் பெண்ணை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் போனது போதும்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக நாக்கைக் கடித்து விழுங்கிய கோபம் மொத்தமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. நிமிர்ந்து நின்றாள். வேலையிடத்தில் நிற்பது போலவே, கால் இரண்டும் தரையில் ஊன்றி, கை இரண்டும் எல்லோருக்கும் தெரியும்படி முன்னால்.

"நிறுத்து!"

அந்தச் சொல்லை அந்த ஊர் மொழியில் சொன்னாள். முப்பது வருஷம் அந்த அம்மா தினம் கேட்ட சொல்.

வீடு நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூட நின்றது.

"எனக்குச் சந்தேகம்" என்றாள் ராங்கி. "பார்க்காம எண்ணுறீங்க. ஆறு கரண்டிக்கு நூத்தி பதினாலா? எண்ணினது அத்தனையும் செல்லாது. விதி உங்களுக்குத் தெரியும்."

பதில் இல்லை. ஆனால் வாசனை வந்தது. சூடாக, நெருக்கமாக, கண் எரியும் அளவுக்கு. குட்டியின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. "அம்மா" என்று முனகினாள்.

அத்தோடு விட்டால் அது மறுபடி ஆரம்பிக்கும் என்று ராங்கிக்குத் தெரியும். முடிக்காத எண்ணிக்கை முடியாது. யாராவது மூட வேண்டும்.

"இப்போ நான் எண்ணுறேன். நான்தான் முதல் ஆள். நீங்க இரண்டாவது ஆள். கரண்டியை இல்லை, இந்த வீட்ல இருக்கிறவங்களை. பட்டியல் ரெண்டு." மகளின் தலையில் கையை வைத்தாள். "என் பொண்ணு. ஒண்ணு."

நிறுத்தினாள்.

"பார்த்துச் சொல்லுங்க. பார்க்காம சொல்லாதீங்க. ஒண்ணு!"

குட்டியின் கூந்தல் அசைந்தது. யாரோ குனிந்து உற்றுப் பார்ப்பது போல.

"ஒண்ணு" என்றது குரல்.

தன் நெஞ்சில் கை வைத்தாள். "நான். ரெண்டு."

சூடான மூச்சு முகத்துக்கு நேராக வந்து நின்றது. அவள் கண்ணை மூடவில்லை. மூடக்கூடாது என்று நினைத்தாள், மூடவில்லை.

"ரெண்டு."

பிறகு, அவள் சொல்லாமலே, மிக மெதுவாக, கெஞ்சுவது போல அது சொன்னது.

"மூணு."

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் அவளை அறுத்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராத குரல். ஒரு கணம் அவள் நாக்கு எழுந்தது. பதில் சொன்னால் என்ன?

சொன்னால் மூன்று பேர். மூன்று பேருக்கு இந்த வீட்டில் இடமில்லை, தாளிலும் இல்லை, வேறு எங்கும் இல்லை.

"இரண்டாவது ஆள் முந்திச் சொல்லக் கூடாது" என்றாள். கண்ணில் நீர் முட்டியது, குரல் இளகவில்லை. "பட்டியல் ரெண்டு. எண்ணினது ரெண்டு. சரி, மூடு."

நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

பிறகு சமையலறை இழுப்பறை, யாரும் தொடாமல், மெல்லத் தானே மூடிக்கொண்டது. குழாய் மறுபடி சொட்டத் தொடங்கியது. குட்டி பெருங்குரலெடுத்து அழுதாள். அதைவிட இனிமையான சத்தத்தை ராங்கி அதுவரை கேட்டதில்லை.

விவரம் கேட்டு அக்கா போனில் திட்டித் தீர்த்தாள். அண்ணன் இப்போதே டிக்கெட் போடுகிறேன் என்றார்.

"போடுங்க. நீங்க வந்து பார்த்துட்டுப் போறதுக்குப் போடுங்க. நான் எங்கயும் வர்றதா இல்லை. மூணு மாசம் முடிய இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, பேர் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மூச்சு வாங்க ஏறி வந்த மனிதர், கழுத்துத் துண்டைத் தளர்த்திக்கொண்டு அறையைப் பார்த்தார், இரண்டு படுக்கைகளைப் பார்த்தார், குளியலறையில் இருந்த இரண்டு பல் தூரிகைகளைப் பார்த்தார். அறை நடுவில் நின்றபடியே தாளை விரித்தார். பேனாவைத் திறந்துகொண்டு, "இந்த வீட்டில் எத்தனை பேர்?" என்றார்.

"இரண்டு" என்றாள் ராங்கி அவருடைய மொழியில்.

"இரண்டு" என்றது சமையலறைக்குள்ளிருந்து ஒரு குரல், அதே மொழியில், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த உச்சரிப்போடு.

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். "உங்கள் மகள் அதற்குள் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாளே. குரல்தான் கொஞ்சம் கட்டியிருக்கிறது, குளிர் இல்லையா?"

"ஆமாம்" என்றாள் ராங்கி. "குளிர்தான்."

முத்திரை குத்தி, கை குலுக்கி, அவர் இறங்கிப் போனார். அவருடைய காலடிச் சத்தம் தொண்ணூற்றாறு படிக்கும் கேட்டது. அது தேயும்வரை அவள் கதவில் சாய்ந்து நின்றாள். குட்டி அன்று காலை முதல்முதலாகப் பள்ளிக்குப் போயிருந்தாள். மதியம் ஒன்றரைக்குத்தான் வருவாள்.

ராங்கி சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே யாரும் இல்லை. ஈர உலோக வாசனை இருந்தது, இழுப்பறை திறந்திருந்தது.

"இதுக்காக உங்களை மூணுன்னு சொல்லிடுவேன்னு நினைக்காதீங்க" என்றாள். "சரி, மூடுங்க."

இழுப்பறை மூடிக்கொண்டது.